வயிற்று அறுவைக்குப் பின் எட்டாம் நாள் சீழ்: ஒரு நிகழ்வு ஆய்வு

இங்கே வரும் நோயாளி தனி ஒருவர் அல்ல. பெருங்குடல் அறுவை சிகிச்சைப் பிரிவுகளில் திரும்பத் திரும்பக் காணப்படும் தவறுகளைக் கோத்து, பயிற்சிக்காக அமைத்த நிகழ்வு இது. நோயாளியின் நேரங்களும் அளவுகளும் அதற்காக வைக்கப்பட்டவை. ஆனால் இதில் உள்ள எந்தத் தவறும் கற்பனை அல்ல. நல்ல மருத்துவர்களும் நல்ல கருவிகளும் உள்ள இடங்களிலேயே இவை நடக்கின்றன.

நோயாளியும் அறுவைக்கு முந்தைய நிலையும்

61 வயது ஆண். பெருங்குடலின் கடைசி வளைவான சிக்மாய்டு பகுதியில் புற்றுநோய். வேறு உறுப்புகளுக்குப் பரவவில்லை. எடை 92 கிலோ. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், கடந்த மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 8.6 சதவீதம். ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் டெசிலிட்டருக்கு 3.1 கிராம். நாளுக்குப் பத்து சிகரெட் பிடித்தவர், அறுவைக்கு ஒன்பது நாள் முன்புதான் நிறுத்தினார். சிறுநீரகம் சரியாக இயங்குகிறது. எந்த மருந்துக்கும் ஒவ்வாமை இல்லை.

கட்டி இருந்த குடல் பகுதியை வயிற்றைத் திறந்து வெட்டியெடுத்து, இரு முனைகளையும் இணைப்பது என்று முடிவானது. திட்டமிட்ட அறுவை; அவசரம் ஏதுமில்லை. குடலைத் திறக்க வேண்டியிருப்பதால் இது தூய காயம் ஆகாது. கட்டுக்குள் இருக்கும் மாசு கலந்த காயம் என்ற வகையில் சேரும். முழங்கால் மூட்டு மாற்றும்போது வெளியிலிருந்து கிருமி உள்ளே போகாமல் பார்த்தால் பெரும்பாலும் போதும். இங்கே கிருமி ஏற்கெனவே உள்ளேதான் இருக்கிறது. குடலில் இருப்பது வெட்டிய தோலுக்கும் கொழுப்புக்கும் வந்துவிடாமல் பார்ப்பதே முதல் வேலை.

முந்தைய நாள் குடலைச் சுத்தம் செய்யப் பேதி திரவம் கொடுக்கப்பட்டது. வாய்வழி ஆன்டிபயாடிக் கொடுக்கவில்லை. மாலையில் நோயாளி குளித்தார். இரவு ஒன்பது மணிக்கு வார்டில் மார்பு முதல் தொடை வரை ரேசரால் மழிக்கப்பட்டது. தொப்புளுக்குக் கீழே இரண்டு சிறு கீறல்கள் விழுந்தன.

அறுவை நாள்

அறுவை காலை எட்டு மணிக்கு என்று பட்டியலில் இருந்தது. தியேட்டரிலிருந்து அழைப்பு வந்ததும், 7.10-க்கு வார்டிலேயே செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக் 2 கிராம் ரத்தக் குழாய் வழியே போடப்பட்டது. முதுகில் வலிநிவாரணக் குழாய் வைக்க நேரமானதால் எல்லாம் தள்ளிப்போனது. இரண்டாவது ஆன்டிபயாடிக்கான மெட்ரோனிடசோல் 500 மி.கி. 8.50-க்கு ஏற்றத் தொடங்கி 9.20-க்கு முடிந்தது. தோலில் கத்தி வைத்தது 9.05.

ஆல்கஹாலில் கரைத்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியைத் தோலில் பூசி, ஒரு நிமிடம்கூட ஆகாமல் விரிப்புகள் போடப்பட்டன. தொப்புள் குழியில் திரவம் தேங்கி நின்றது.

10.40-க்குக் குடல் வெட்டப்பட்டது. 12.30 அளவில் முனைகள் இணைக்கப்பட்டன. முந்தைய அழற்சியால் ஒட்டுதல்கள் நிறைய இருந்ததால் எதிர்பார்த்ததைவிட நேரம் இழுத்தது. ரத்த இழப்பு 700 மி.லி. தோல் மூடி முடித்தது மதியம் 1.50. இடையில் ஆன்டிபயாடிக் இரண்டாம் முறை போடப்படவில்லை. காயத்தின் ஓரங்களைக் காக்கும் பிளாஸ்டிக் வளையம் பயன்படுத்தவில்லை. குடலை இணைத்த அதே கையுறைகளோடு, அதே கருவிகளால் தசை உறையும் தோலும் மூடப்பட்டன.

தியேட்டருக்குள் வந்தபோது உடல் வெப்பம் 36.3 டிகிரி. 10.15-க்கு 35.2. அதன் பிறகே சூடான காற்று வீசும் போர்வை போடப்பட்டது. முடிவில் 35.6. சர்க்கரை காலை ஏழு மணிக்கு 182, 11.30-க்கு 231, மீட்பு அறையில் 268. இன்சுலின் மாலையில்தான் தொடங்கியது.

அறுவைக்குப் பின்

செஃப்ட்ரியாக்சோன் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கும் மெட்ரோனிடசோலும் ஐந்து நாள் எழுதப்பட்டன. குறிப்பேட்டில் காரணமாக ஒரே சொல்: பாதுகாப்புக்காக. முதல் நாள் காலை ரவுண்டில் காயத்தைப் பார்ப்பதற்காக டிரெஸ்ஸிங் வெறுங்கையால் பிரிக்கப்பட்டது. புது டிரெஸ்ஸிங் இரண்டு மணி நேரம் கழித்தே போடப்பட்டது. இரண்டாம் நாள் 37.8 டிகிரி காய்ச்சல் வந்து தானே தணிந்தது.

ஆறாம் நாள் காயத்தின் கீழ்ப் பகுதியில் வலி கூடுவதாக நோயாளி சொன்னார். தையல் வலி என்று வலிமாத்திரை கூட்டப்பட்டது. ஏழாம் நாள் அங்கே 3 செ.மீ. அகலத்துக்குச் சிவப்பு, சூடு, தொட்டால் கெட்டியான உணர்வு. காயத்தைத் திறக்காமல் ஆன்டிபயாடிக்கை மட்டும் மாற்றினார்கள். எட்டாம் நாள் 38.7 டிகிரி காய்ச்சல், நாடித்துடிப்பு 112, சிவப்பு 6 செ.மீ. தாண்டியது. நான்கு ஸ்டேப்பிள்களை எடுத்ததும் துர்நாற்றமுள்ள பழுப்பு நிறச் சீழ் 60 மி.லி. அளவுக்கு வந்தது. அடியில் தசை உறையின் ஒரு பகுதி நிறம் மாறி அழுகியிருந்தது. ஸ்கேனில் குடல் இணைப்பில் கசிவு இல்லை, வயிற்றுக்குள் சீழ்க்கட்டி இல்லை. ஆக இது ஆழமான காயத் தொற்று. சீழில் வளர்ந்த கிருமிகள் செஃப்ட்ரியாக்சோனுக்குக் கட்டுப்படாத ஈ. கோலையும் பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸும்.

செத்த திசு வெட்டி அகற்றப்பட்டது. சலைனால் கழுவி, ஈரத் துணி டிரெஸ்ஸிங் தினமும் மாற்றப்பட்டது. பிறகு உறிஞ்சும் டிரெஸ்ஸிங். காயம் ஆற ஐந்து வாரம் ஆனது. புற்றுநோய்க்கான அடுத்த கட்ட மருந்து எட்டு வாரத்துக்குள் தொடங்க வேண்டியது, ஒன்பதாம் வாரத்துக்குப் போனது. தசை உறை பலவீனமானதால் பின்னாளில் குடலிறக்கம் வரும் ஆபத்தும் கூடியிருக்கிறது.

கிருமி சொல்லும் சாட்சி

இப்படி ஒன்று நடந்ததும் பல இடங்களில் முதலில் செய்வது தியேட்டர் சுவரிலும் மேசையிலும் பஞ்சு தேய்த்து, கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்புவது. இதனால் பயன் மிகக் குறைவு. சீழில் என்ன வளர்ந்தது என்பதே எங்கே தேட வேண்டும் என்று சொல்லிவிடுகிறது. ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்திருந்தால் தோல், மூக்கு, மழித்த கீறல், அறையில் இருந்தவர்களின் கை என்று தேடலாம். இங்கே வளர்ந்த இரண்டும் பெருங்குடலில் குடியிருப்பவை. வந்த இடம் நோயாளியின் குடல். வந்த வழி, குடல் திறந்திருந்த நேரத்தில் காயத்தின் ஓரங்கள், கையுறைகள், கருவிகள்.

அதனால் எல்லாத் தவறுகளையும் ஒரே எடையில் வைத்துப் பார்க்கக் கூடாது. ரேசரால் மழித்தது தவறு. கீறல்களில் இரவு முழுவதும் தோல் கிருமிகள் பெருகும். இன்னொரு நோயாளிக்கு அதுவே காரணமாகியிருக்கும். இவருக்கு வந்த சீழுக்கு அது முதன்மைக் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. டிரெஸ்ஸிங்கை வெறுங்கையால் பிரித்ததும் அப்படித்தான். இரண்டையும் நிறுத்த வேண்டும். ஆனால் இவற்றை மட்டும் திருத்திவிட்டு விசாரணையை முடித்தால், அடுத்த பெருங்குடல் நோயாளிக்கும் இதே சீழ் வரும்.

கருவிகளின் தூய்மைப் பதிவும் பார்க்கப்பட்டது. 134 டிகிரி சுழற்சி முழுதாக ஓடியிருந்தது. பொதியின் உள்ளே வைத்த, சூடு எட்டினால் நிறம் மாறும் வேதிக் காட்டியும் நிறம் மாறியிருந்தது. கிருமி வித்துகள் செத்தனவா என்று சோதிக்கும் அந்த வாரத்து உயிரிக் காட்டியில் வளர்ச்சி இல்லை. பொதி உலர்ந்திருந்ததாகவும் எழுதியிருக்கிறது. ஈரமாக வெளிவரும் பொதியைத் தூய்மையற்றதாகவே கருத வேண்டும். ஈரத் துணி வழியே வெளிக் கிருமி உள்ளே இழுக்கப்படும். இங்கே அந்தச் சிக்கல் இல்லை.

7.10-க்குப் போட்ட ஊசி

இந்த நிகழ்வில் மிக நெருங்கிப் பார்க்க வேண்டியது இந்த ஒரு ஊசியைத்தான். அறுவைக்கு முன் போடும் ஆன்டிபயாடிக்கின் வேலை, கத்தி தோலைத் தொடும் நொடி முதல் தோல் மூடும் நொடி வரை அங்குள்ள திசுவில் போதுமான அளவு இருப்பது. கிருமி திசுவில் விழுந்து பெருகத் தொடங்கிய பிறகு வரும் மருந்தால் அந்த வேலையைச் செய்ய முடியாது. இது 1961-லேயே விலங்கு ஆய்வில் தெரிந்துவிட்டது. 1992-ல் வெளியான 2,847 நோயாளிகளின் ஆய்வில், வெட்டுக்கு முந்தைய இரண்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 0.6 சதவீதத்தினருக்கே காயத் தொற்று வந்தது. அதைவிட முன்னதாகப் பெற்றவர்களில் 3.8 சதவீதம். வெட்டி மூன்று மணி நேரத்துக்குப் பிறகு பெற்றவர்களில் 3.3 சதவீதம்.

7.10-க்கும் 9.05-க்கும் இடையே 115 நிமிடம். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் 120 நிமிடத்துக்குள் என்கிறது. ஆகவே படிவத்தில் சரி என்று குறி விழுந்தது. ஆனால் அதே வழிகாட்டுதல் மருந்தின் அரை ஆயுளையும், அதாவது ரத்தத்தில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரத்தையும், கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வெட்டுக்கு முன் வாசிக்கும் பாதுகாப்புப் பட்டியலோ 60 நிமிடத்துக்குள் மருந்து போனதா என்றுதான் கேட்கிறது. செஃபசோலினின் அரை ஆயுள் ஏறத்தாழ 1.8 மணி நேரம், அதாவது 108 நிமிடம். தோராயமாகக் கணக்கிட்டால், கத்தி வைக்கும்போதே ரத்தத்தில் மருந்து பாதியாகிவிட்டது. குடலை இணைத்த 12.30-க்கு எட்டில் ஒரு பங்கு. தோல் மூடிய 1.50-க்குப் பதின்மூன்றில் ஒரு பங்கு. மாசு கொட்டிய நேரத்தில் காவலுக்கு மருந்து ஏறக்குறைய இல்லை.

சரியான முறை இதுதான். மயக்கம் கொடுக்கும் நேரத்தில், தியேட்டருக்குள்ளேயே, வெட்டுக்கு 15 முதல் 45 நிமிடம் முன்னால் செஃபசோலின் 2 கிராம் போட வேண்டும். எடை 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். முதல் ஊசி போட்ட நேரத்திலிருந்து நான்கு மணி நேரத்தில் இரண்டாவது. கத்தி வைத்த நேரத்திலிருந்து எண்ணக் கூடாது. ரத்த இழப்பு 1,500 மி.லி. தாண்டினால் நேரம் பார்க்காமல் மறுபடியும் போட வேண்டும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இந்த இடைவெளி நீளும். இவருக்கு 8.45-க்குப் போட்டிருந்தால் மறு ஊசி 12.45-க்கு வந்திருக்கும், குடல் இணைப்பு நெருங்குவதைப் பார்த்து இருபது நிமிடம் முன்னதாகவே போட்டிருந்தால் இன்னும் நல்லது. மெட்ரோனிடசோலின் ஆயுள் நீளம் என்பதால் இந்த அறுவைக்கு ஒரே முறை போதும். ஆனால் அது சொட்டுச் சொட்டாக ஏறுவது. கத்தி வைக்கும் முன் முழுதும் ஏறி முடிய வேண்டும். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் தேவைப்படும் நோயாளிக்கு இந்த ஏற்பாடு இன்னும் முன்கூட்டியே வேண்டும். எடைக்கு ஏற்ப கிலோவுக்கு 15 மி.கி. மெதுவாக ஏற்ற ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்; வெட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும்.

மறு ஊசி ஏன் தவறியது? அதற்கான காரணம் எளிது, அதனாலேயே அது மறுபடியும் நடக்கும். முதல் ஊசியின் நேரம் வார்டுக் குறிப்பேட்டில் இருந்தது. மயக்க மருத்துவரின் தாளில் இல்லை. ஊசி போட்டாயிற்று என்ற செய்தி வந்தது, எப்போது என்பது வரவில்லை. நான்காம் மணி நேரத்தில் யார் நினைவூட்ட வேண்டும் என்று எங்கும் எழுதப்படவில்லை. வார்டில் ஊசி போடும் வழக்கத்தை விடுவதுதான் இதற்கு முதல் மருந்து. மயக்க மருத்துவர் போட வேண்டும். அவர் தாளிலேயே நேரம் எழுத வேண்டும். மானிட்டரிலோ கைபேசியிலோ 3 மணி 45 நிமிடத்துக்கு அலாரம் வைக்க வேண்டும். சுற்றுச் செவிலியர் வெள்ளைப் பலகையில் அடுத்த ஊசிக்கான நேரத்தைப் பெரிதாக எழுதினால், கை கழுவி நிற்பவர்களும் அதைப் பார்த்துக் கேட்பார்கள்.

எதிர்ப்புள்ள ஈ. கோலை எழுப்பும் கேள்வி

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வளர்ந்த ஈ. கோலை செஃப்ட்ரியாக்சோனுக்கே கட்டுப்படாதது என்றால், செஃபசோலினை நேரத்துக்குப் போட்டிருந்தாலும் என்ன பயன்?

இரண்டு வழிகள் உண்டு. அறுவை நாளிலேயே அந்தக் கிருமி குடலில் ஓங்கியிருந்திருக்கலாம். அப்படியானால் மருந்தை நம்பாத தடுப்புகளே இவரைக் காத்திருக்கும்: ஓரங்களைக் காக்கும் வளையம், மூடும் முன் மாற்றும் கையுறையும் கருவியும், சூடான உடல், கட்டுக்குள் உள்ள சர்க்கரை. அல்லது, அன்று காயத்தில் விழுந்தது பல வகைக் கிருமிகளின் கலவை. மருந்து இல்லாத நேரத்தில் அவை வேர்விட்டன. அதன் பிறகு ஐந்து நாள் செஃப்ட்ரியாக்சோன் அடங்குபவற்றை அழித்து அடங்காதவற்றுக்கு இடம் விட்டது. அறுவையின்போது எடுத்த கல்ச்சர் இல்லாததால் இரண்டில் எது என்று பிரிக்க முடியாது. ஆனால் எந்த வழியில் போனாலும் அந்த ஐந்து நாள் மருந்து நோயாளிக்கு எதையும் தரவில்லை.

தடுப்புக்காகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக்கைத் தோல் மூடியதும் நிறுத்த வேண்டும். நீர் வடிக்கும் குழாய் (டிரெயின்) இருக்கிறது என்பதோ, சர்க்கரை நோய் என்பதோ, அறுவை நீண்டது என்பதோ நீட்டிக்கக் காரணம் ஆகாது. கூடுதல் நாட்கள் கொடுப்பது மருத்துவருக்கு மனநிம்மதி தருகிறது. நோயாளிக்கு வயிற்றுப்போக்கும் எதிர்ப்புள்ள கிருமிகளும்தான் மிஞ்சுகின்றன. அறுவைக்கு முன் ஏற்கெனவே சீழோ, குடல் ஓட்டையோ இருந்தால் கணக்கு வேறு. அது தடுப்பு அல்ல, சிகிச்சை.

குடலிலிருந்து காயத்துக்கு வந்த பாதை

பேதி திரவத்தை மட்டும் கொடுப்பதால் தொற்று குறைவதில்லை. அதனோடு வாய்வழி ஆன்டிபயாடிக் சேரும்போதுதான் குறைகிறது. வழக்கமான முறையில் முந்தைய நாள் நியோமைசின் 1 கிராமும், அதனோடு மெட்ரோனிடசோலோ எரித்ரோமைசினோ 1 கிராமும், மூன்று வேளை. பேதி முதலில் நன்றாகப் போயிருக்க வேண்டும். மலம் நிறைந்த குடலில் மருந்து சுவரைத் தொடாது. இவருக்கு இது எழுதப்படாதது எளிதில் தவிர்த்திருக்கக்கூடிய குறை.

வயிற்றைத் திறந்ததும் காயத்துக்குள் பொருத்தும் இரட்டை வளையப் பாதுகாப்பு உறை, வெட்டிய தோலையும் கொழுப்பையும் முழுதாக மறைத்துவிடும். அதை எடுக்கும் முறையும் முக்கியம். குடலில் பட்ட பக்கம் உள்ளே மடியும்படி சுருட்டி எடுக்க வேண்டும். அவசரத்தில் உருவினால் காத்த கொழுப்பின் மீதே அழுக்கைத் தேய்த்ததாகிவிடும்.

அடுத்தது கையுறையும் கருவியும். 2022-ல் வெளியான ஆய்வு ஒன்று, ஏழு நாடுகளில் 13,000-க்கும் மேற்பட்ட வயிற்று அறுவை நோயாளிகளிடம் நடந்தது. மூடும் முன் கையுறைகளையும் கருவிகளையும் மாற்றிய பிரிவில் காயத் தொற்று 16.0 சதவீதம், வழக்கம்போல் விட்ட பிரிவில் 18.9 சதவீதம். எளிய மருத்துவமனைகளிலும் இதைச் செய்ய முடிந்தது. செய்வது இப்படி: மூடுவதற்கென்று ஒரு சிறு கருவித் தொகுதியைத் தொடக்கத்திலேயே தனி மேசையில் மூடி வைக்க வேண்டும். அதில் இரண்டு ஊசிப் பிடிப்பான், பல் உள்ள இடுக்கிகள் இரண்டு, கத்தரிக்கோல், தூக்கிப் பிடிக்கும் கருவிகள், புதிய உறிஞ்சு முனை இருந்தால் போதும். குடல் வேலை முடிந்ததும் பழைய கருவிகளும் உறிஞ்சு குழாயும் மேசையை விட்டுப் போக வேண்டும். எல்லோரும் கையுறை மாற்றி, காயத்தைச் சுற்றிப் புது விரிப்பு போட்ட பிறகே அந்தத் தொகுதியைத் திறக்க வேண்டும். தசை உறை தைக்கும் நூலைப் பழைய கையுறையால் தொட்டால் இவ்வளவும் வீண். நூல் அங்கேயே தங்கும் அந்நியப் பொருள். 1957-ல் நடந்த ஆய்வில், பட்டு நூல் இருந்த இடத்தில் சீழ் உண்டாக்கத் தேவையான ஸ்டஃபைலோகாக்கஸ் எண்ணிக்கை பத்தாயிரம் மடங்கு குறைந்தது.

வெப்பமும் சர்க்கரையும்

35.2 டிகிரி என்பதைப் பலர் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். மயக்கம் கொடுத்ததும் தோலின் ரத்தக் குழாய்கள் விரிந்து, உடலின் நடுப்பகுதிச் சூடு கை கால்களுக்கு ஓடிவிடுகிறது. முதல் ஒரு மணி நேரத்திலேயே ஒரு டிகிரிக்கு மேல் இறங்கும். பிறகு உடல் தோல் குழாய்களைச் சுருக்குகிறது. காயத்துக்கு வரும் ரத்தமும் ஆக்சிஜனும் குறைகின்றன. வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல ஆக்சிஜன் வேண்டும். 1996-ல் வெளியான 200 பெருங்குடல் நோயாளிகளின் ஆய்வில், உடல் குளிர்ந்த பிரிவில் 19 சதவீதம் பேருக்கும், வெப்பம் காத்த பிரிவில் 6 சதவீதம் பேருக்கும் காயத் தொற்று வந்தது.

இறங்கிய பிறகு போர்வை போட்டால் மேலேற மணிக்கணக்காகும். இவர் முடிவிலும் 35.6-இல்தான் இருந்தார். மயக்கத்துக்கு முன் முப்பது நிமிடம் சூடான காற்றுப் போர்வை போட வேண்டும். கை கால்கள் முன்பே சூடாக இருந்தால் நடுச்சூடு அங்கே ஓடாது. நோயாளி மூடப்படாமல் கிடக்கும் வரை அறை 21 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. 500 மி.லி.க்கு மேல் ஏற்றும் திரவங்கள் 37 டிகிரி. வயிற்றைக் கழுவும் சலைன் 38 முதல் 40 டிகிரி. 36-க்குக் கீழ் இருக்கும் நோயாளிக்கு, அவசரம் இல்லையென்றால், மயக்கம் கொடுக்கத் தொடங்கவே கூடாது.

புற்றுநோய் என்பதால் ஹெச்பிஏ1சி இறங்கும் வரை மாதக்கணக்கில் காத்திருக்க முடியாது. அன்றைய சர்க்கரையைப் பிடிப்பது நம் கையில் இருக்கிறது. மணிக்கொரு முறை பார்த்து, 180 தாண்டினால் இன்சுலின் சொட்டு தொடங்கி, 140-க்கும் 180-க்கும் இடையே வைக்கலாம். 200-ஐத் தாண்ட விடக் கூடாது. 110-க்கு இறக்க முயல வேண்டாம். மயக்கத்தில் இருப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் அறிகுறி தெரியாது. புகைப்பதை நிறுத்த நான்கு வாரம் வேண்டும். ஒன்பது நாள் குறைவுதான் என்றாலும், நோய் கண்டறிந்த அன்றே சொல்லியிருந்தால் நிறுத்த இன்னும் சில வாரம் கிடைத்திருக்கும். அல்புமினுக்கும் அதே கதை: புரதம் கூட்டிய உணவுத் திட்டம் முதல் சந்திப்பிலேயே தொடங்கியிருக்க வேண்டும்.

தோல்

முந்தைய இரவோ அறுவை நாள் காலையிலோ சோப்புப் போட்டுக் குளித்தால் போதும். சாதாரண சோப்பும் சரி. முடி இடைஞ்சல் செய்யாத வரை எடுக்கவே வேண்டாம். எடுத்தே ஆக வேண்டும் என்றால் கிளிப்பரால், அதுவும் அன்று காலை. வார்டு அலமாரியிலிருந்து ரேசர்களை அகற்றுவதே இதற்கு உறுதியான வழி. அறிவிப்புப் பலகை வைத்தால் போதாது.

தொப்புளை முதலில் தனியாகப் பஞ்சுக் குச்சியால் சுத்தம் செய்துவிட்டு, வெட்டப்போகும் கோட்டில் தொடங்கி வெளியே போக வேண்டும். 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின், 70 சதவீத ஆல்கஹால் கலவை என்றால் உலர்ந்த தோலில் முன்னும் பின்னுமாக முப்பது விநாடி தேய்க்க வேண்டும். தொப்புள், தொடையிடுக்கு போன்ற ஈரப் பகுதியில் இரண்டு நிமிடம். பிறகு குறைந்தது மூன்று நிமிடம் தானாக உலர விட வேண்டும். துடைக்கக் கூடாது, விசிறக் கூடாது. உலராமல் விரிப்பு போட்டால் மருந்து தன் வேலையை முடிக்காது. தேங்கிய ஆல்கஹால், மின்சாரத்தால் திசுவை வெட்டும் டயதெர்மிக் கருவியின் பொறியில் தீப்பிடிக்கும் ஆபத்தும் உண்டு. கண், நடுக்காது, மூளை உறை அருகே குளோர்ஹெக்சிடின் பயன்படுத்தக் கூடாது.

திறக்கத் தயங்கிய இரண்டு நாள்

தொற்று வந்த பிறகும் இழப்பைக் குறைத்திருக்கலாம். முதல் இரண்டு நாள் காய்ச்சல் பெரும்பாலும் காயத்தினால் வருவதில்லை. விதிவிலக்கு உண்டு. 48 மணி நேரத்துக்குள் பொறுக்க முடியாத வலி, வேகமாகப் பரவும் நிறமாற்றம், கலங்கிய நீர் வடிதல் தெரிந்தால் அது தசையைத் தின்னும் ஸ்ட்ரெப்டோகாக்கஸாகவோ கிளாஸ்ட்ரிடியமாகவோ இருக்கலாம். அங்கே ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்க முடியாது.

வழக்கமான காயத் தொற்று ஐந்து முதல் பத்தாம் நாளுக்குள் தலைகாட்டும். குறைந்துகொண்டு வந்த வலி ஒரே இடத்தில் திரும்பக் கூடுவதுதான் முதல் அடையாளம். சிவப்பு அதற்குப் பிறகு வரும். ஆறாம் நாள் நோயாளி சொன்னதைக் கேட்டு டிரெஸ்ஸிங்கைப் பிரித்துத் தொட்டுப் பார்த்திருக்க வேண்டும். ஏழாம் நாள் கெட்டியான சூடான இடத்தில் இரண்டு ஸ்டேப்பிளை எடுத்து, கையுறை விரலால் ஆராய்ந்திருந்தால் போதும். சீழ் இருந்தால் அதை வெளியேற்றுவதே சிகிச்சை. ஆன்டிபயாடிக் துணைக்குத்தான்: காய்ச்சல் 38.5 தாண்டினால், நாடி 110 தாண்டினால், அல்லது சிவப்பு காய விளிம்பிலிருந்து 5 செ.மீ.க்கு மேல் பரவினால். எட்டாம் நாள் இவருக்கு மூன்றும் இருந்தன. ஒருநாள் முன்பே திறந்திருந்தால் ஒன்றுகூட இல்லாமலே முடிந்திருக்கலாம், தசை உறையும் தப்பியிருக்கலாம். கல்ச்சருக்கு மேலே வடிந்ததைத் துடைத்து அனுப்புவதைவிட, ஆழத்திலிருந்து சிரிஞ்சில் உறிஞ்சிய சீழை அனுப்ப வேண்டும்.

மூடிய காயத்தின் டிரெஸ்ஸிங்கை 48 மணி நேரம் தொடாமல் விடலாம். ரத்தம் ஊறி வெளியே தெரிந்தாலோ, கழன்றாலோ, வலி மாறினாலோ மட்டும் பிரிக்க வேண்டும். அப்போதும் கை கழுவி, தூய கையுறையோடு, மாற்று டிரெஸ்ஸிங்கைக் கையருகே வைத்துக்கொண்டு. அதன் பிறகு குளிக்கலாம். தண்ணீர் ஓடலாம், ஊற விடக் கூடாது. ஹைட்ரஜன் பெராக்சைடு, பொடி, எண்ணெய், சொல்லாத களிம்பு எதுவும் காயத்தில் பட வேண்டாம்.

இவருக்குச் சீழ் வார்டில் இருக்கும்போதே வந்தது. பலருக்கு வீட்டுக்குப் போன பிறகுதான் வருகிறது. காயத் தொற்று என்பது அறுவையிலிருந்து 30 நாள் வரை கணக்கில் வரும். உள்ளே செயற்கைப் பொருள் பொருத்திய பல அறுவைகளில் 90 நாள். டிஸ்சார்ஜ் தாளில் அடையாளங்களை நான்கே வரியில் எழுதிக் கொடுக்க வேண்டும்: வலி குறையாமல் கூடுவது, சிவப்பு விரிவது, நீரோ சீழோ வடிவது, 38 டிகிரிக்கு மேல் காய்ச்சல். எந்த எண்ணுக்கு அழைப்பது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். ஏழு, பதினான்கு, முப்பதாம் நாட்களில் பிரிவிலிருந்தே அழைத்துக் கேட்டு, பதில்களை முதல் ஊசி போட்ட நேரம், மறு ஊசி, முடிவில் இருந்த வெப்பம், அதிகபட்சச் சர்க்கரை ஆகியவற்றோடு ஒரே வரிசையில் பதிய வேண்டும். இந்த ஐந்து கட்டங்களை அறுவை செய்பவர், மயக்க மருத்துவர், தியேட்டர் செவிலியர், வார்டுச் செவிலியர் நால்வரும் மாதம் ஒருமுறை ஒன்றாக உட்கார்ந்து பார்க்கும் பிரிவில், 7.10-க்குப் போட்ட ஊசி போன்றவை முதல் மாதத்திலேயே கண்ணில் பட்டுவிடும்.